பென்சன் எடுத்த பிறகு பிறந்த ஹெட்மாஸ்டர்

ஒரு மனிதரைப் பென்சன் எடுக்க வைத்துவிட்டு, அதற்குப் பிறகு பிறக்க வைத்தவள் நான். இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. அன்றைக்கு இருந்தது. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது வரை முக்காட்டை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தே வந்தேன். (பஸ்ஸில் ஏறினால் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்களே என்று பயம். தெருவில் தெரிந்தவர்கள் அதைவிட அதிகம் என்பது பாதி வழி வந்த பிறகுதான் புத்திக்கு எட்டியது.)

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்தாறு வயது. அவர் குவைத்தில் இருந்தார். அவர் என்றால் என் புருசன். பெயர் சொல்லிப் பழக்கமில்லை, இனிமேல் பழகவும் போவதில்லை. மகள் தவழத் தொடங்கிய மாதம் போனவர். மகள் நடந்து, ஓடி, கதைக்கத் தொடங்கி, சுவரில் மாட்டியிருந்த அவருடைய போட்டோவுக்கு மாரி பிஸ்கட் ஊட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். போட்டோவின் கண்ணாடியில் அவருடைய வாய் இருந்த இடம் எப்போதும் பிசுபிசுத்துக் கிடக்கும். நான் துடைப்பதில்லை. துடைத்தால் அவள் அழுவாள் என்று மாமியிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அந்த வீட்டில் அவர் சாப்பிட்ட அடையாளம் அது ஒன்றுதான்.

வீட்டில் சும்மா இருந்தால் நினைவு தின்றுவிடும் என்று வேலைக்குப் போனேன். லத்தீப் காக்கா என் உம்மாவின் தங்கை மகன், எனக்கு அண்ணன் முறை. கல்முனையில் தன் வீட்டோடு சேர்த்து அச்சகம் வைத்திருந்தார். முன்பக்கம் ஆண்கள் அச்சடிப்பார்கள், வெட்டுவார்கள், ஒட்டுவார்கள். பின்பக்க மண்டபத்தில் நாங்கள் ஆறு பெண்கள் தாள் மடிப்போம். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி வரும். அதை மூன்று மடிப்பு மடித்தால் ஒரு பாரம். எட்டுப் பாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். நீண்ட மேசையில் எட்டுக் குவியலாக வைத்திருப்பார்கள். நாங்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றி நடந்து, குவியலுக்கு ஒன்றாக எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவோம். காலையில் தொடங்கினால் நடுப்பகல் லுஹர் பாங்கு வரைக்கும் நடைதான். நடந்த நடையை நேராக நடந்திருந்தால் நான் குவைத்துக்கே போயிருப்பேன்.

குவியல்களை ஒழுங்குபடி வைப்பவள் மேபல். கல்முனை மெதடிஸ்த கோயில் பக்கத்து வீடு. எட்டாம் வகுப்புப் படித்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், இரண்டு மடங்கு வாய்க்காரி. அவருடைய கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டுபவளும், என் பதிலை எழுதுபவளும் அவள்தான்.

ஆம். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இரண்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். தம்பிமாரைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. எண்கள் தெரியும், கலண்டரிலும் பஸ்ஸிலும் பார்த்துப் பழகியது. ஆனால் நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. ஒன்பது வயதில் குர்ஆனை முழுக்க ஓதி முடித்தவள். அதற்காக வாப்பா தெரு முழுக்கச் சோறு கொடுத்தார். எங்களுக்கு ஓதித் தந்த லெவ்வை, "இந்தப் புள்ளைக்கிட்ட ஒரு இடத்திலயும் பிழை பிடிக்க ஏலா" என்று வாப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தத் தலைக்கனம் எனக்கு இன்று வரைக்கும் இறங்கவில்லை. அதனால் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதை அச்சகத்தில் மேபலைத் தவிர ஒருவருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. யாராவது தாளை நீட்டி, "இது என்ன எண்டு பாருங்க" என்றால், "கண் மங்குதுகா, கண்ணாடி போடணும்" என்பேன். ஒரு வருசமாகக் கண் மங்கியது. ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த மெசின் வந்தது.

கொழும்பில் எங்கேயோ மூடிப்போன அச்சகத்திலிருந்து லத்தீப் காக்கா வாங்கியது. பாரங்களைத் தானாகவே எடுத்து அடுக்கும் மெசின். கரைவலைத் தோணி நீளம். பச்சை நிறம். வாசலால் நுழையாமல் பின்சுவரை உடைத்துத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். எட்டுப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பாரத்தின் குவியலை நிரப்ப வேண்டும். நாங்கள் நிற்கும் பக்கமிருந்து பார்த்தால், கீழே ஒரு சங்கிலி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓடும். ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு பாரத்தைக் கவிழ்த்துப் போடும். கடைசியில் ஒரு முழுப் புத்தகம் வந்து தட்டில் விழும். அது ஓடுகிற சத்தம் ஒட்டகம் இருமுவது போல இருக்கும். (ஒட்டகத்தை நான் கண்டதில்லை. அவர் கடிதத்தில் எழுதியிருந்தார்.)

பார்க்க வந்தவர்கள் கூட்டம் இரண்டு நாளாகக் குறையவில்லை. மூன்றாம் நாள் லத்தீப் காக்கா எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டார்.

"இனி நடக்கத் தேவல்ல. ஆனா இதுக்குப் பொறுப்பா ஒரு ஆள் வேணும். ஆர் சரியாச் செய்யிறீங்களோ அவங்களுக்கு நிரந்தர வேலை. மத்தவங்க மடிக்கிற வேலையப் பாருங்க."

நிரந்தர வேலை. அந்தச் சொல் என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் அதே கிழமைதான் அவருடைய கடிதமும் வந்திருந்தது. பகல் சோறு தின்ற பிறகு மேபல் வாசித்தாள்.

"'இரண்டு வருடம் முடியப் போகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள். நீ வா என்றால் வருகிறேன். நில் என்றால் நிற்கிறேன். மாதம் முடிவதற்குள் எழுது.'" வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னகா எழுத?"

எனக்கு வாயெல்லாம் வா வாதான். ஆனால் வந்தால் எதைக் கொண்டு குடும்பம் நடத்துவது? வயல் ஒரு போகம் விளைந்தால் மறு போகம் விளையாது. மெசின் வேலை எனக்குக் கிடைத்தால், என் சம்பளமும் வயலும் சேர்ந்து எப்படியோ சமாளிக்கும். அவர் அந்த மணலில் கிடக்கத் தேவையில்லை.

"மெசின் என்ட கைக்கு வந்தா வரச் சொல்லு. வராட்டி நிக்கச் சொல்லு" என்றேன்.

"அடி ஆத்தே! கடிதத்துல அப்பிடி எழுத ஏலுமா? அதோட நான் நாளைக்கு மட்டக்களப்புக்குப் போறன். தங்கச்சிக்கு இது பிள்ளை பொறக்கிற மாசம். வர ரெண்டு கிழமையாகும்."

கடைசியில் மேபலே ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு நீலத் தாள்களை எடுத்தாள். ஒன்றில் 'வாருங்கள்' என்று எழுதினாள். மற்றதில் 'இன்னும் இரண்டு வருடம் நில்லுங்கள்' என்று எழுதினாள். இரண்டிலும் அன்றைய திகதியைப் போட்டாள். முகவரியும் எழுதினாள்.

"உனக்குத்தான் எது எதுண்டு தெரியாதே. வா எண்டு எழுதினதுல நீயே ஒரு அடையாளம் போடு."

பென்சிலை வாங்கி ஓரத்தில் ஒரு பூ கீறினேன். ஐந்து இதழ். ஒரு இதழ் கொஞ்சம் பெருத்துவிட்டது.

"இது பூவா, கால் உடைஞ்ச நண்டா?" என்றாள் மேபல்.

அவள் போன மறுநாள், மெசினில் முதலாவதாக அடுக்க வேண்டிய புத்தகம் தயாராக இருந்தது. எங்கள் பக்கத்தில் முப்பத்தைந்து வருசம் படிப்பித்துப் பென்சன் எடுத்த ஹெட்மாஸ்டர் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதியிருந்தார். சனிக்கிழமை வெளியீட்டு விழா. நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது. ஐந்நூறு புத்தகம்.

லத்தீப் காக்கா மண்டபத்துக்குள் வந்தார். "மேபல் இல்ல. ஆருக்குப் பெட்டி நிரப்பத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் காக்கா" என்றேன். மற்றவர்கள் வாயைத் திறக்கும் முன்னமே சொல்லிவிட்டேன்.

"ஒவ்வொரு பாரத்துட அடியிலயும் நம்பர் இரிக்கி. ஒண்டுல இருந்து எட்டு மட்டும் வரிசையா வெச்சாச் சரி."

எண்கள்தானே, கரும்பு தின்னக் கூலியா! பிஸ்மி சொல்லி ஒன்றாம் நம்பர்க் குவியலைத் தூக்கினேன். வலப்பக்கத்து முதல் பெட்டியில் வைத்தேன். இரண்டை அதற்கு இடப்பக்கத்தில் வைத்தேன். அதற்கு இடப்பக்கத்தில் மூன்று. இப்படியே எட்டும் வைத்து முடித்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் வாழ்க்கையில் வாசித்த ஒரே புத்தகம் வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்கும். வரியும் அப்படித்தான், ஏடும் அப்படித்தான். சோறு தின்பதும் வலக்கை, வீட்டுக்குள் வைப்பதும் வலக்கால். ஒரு நல்ல காரியத்தை இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிற சனமும் உலகத்தில் இருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? மேசையில் மேபல் எந்தப் பக்கம் ஒன்றை வைத்தாள் என்று நான் பார்த்ததே இல்லை. வட்டமாக நடப்பவளுக்கு ஏது வலம், ஏது இடம்!

லத்தீப் காக்கா சரிபார்க்க வந்தார். என் பக்கம் பெண்கள் நெருக்கமாக நின்றதால், மரியாதைக்கு மெசினின் மறுபக்கம் போய் நின்று குனிந்து பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றாம் பெட்டி அவருக்கு இடப்பக்கம்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு…" விரலால் காட்டி எட்டு வரை எண்ணினார். "மாஷா அல்லாஹ்! சுபைதா, மேபலுக்கே நீ படிப்பிப்பாய் போல."

ஒட்டகம் இருமத் தொடங்கியது. பகலுக்கு முன் ஐந்நூறும் முடிந்தது. முன்பக்கத்தில் ஒட்டுபவர் புத்தகத்தின் முதுகைத் தவிர முகத்தைப் பார்க்காதவர். பசை பூசினார், அட்டை போட்டார், வெட்டினார். லத்தீப் காக்கா எல்லோர் முன்னாலும், "மெசின் இனி சுபைதாட பொறுப்பு" என்று சொல்லிவிட்டார்.

நான் சோறு தின்னவில்லை. நேரே தபால் கந்தோருக்குப் போய், பூப் போட்ட கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தேன். வருகிற வழியில் அவர் வந்து இறங்கும் நாளுக்கு என்ன சமைப்பது என்று யோசித்தேன். பாரைமீன் ஆணம், கத்தரிக்காய்ப் பொரியல், கட்டித் தயிர். விழா வரைக்கும் மூன்று நாளும் இந்தச் சமையல்தான் என் தலைக்குள். வீட்டுக்குப் போய் போட்டோவின் கண்ணாடியைத் துடைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில் கூட்டம். ஆண்கள் முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால். திரை இடுக்கால் மேடை தெரிந்தது. என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தவர் ஹெட்மாஸ்டரின் மனைவி. "இவர்ட புத்தகத்த அடுக்கினது ஆர்?" என்று யாரோ கேட்டதும் நான் கழுத்தை நீட்டி, "நான்தான் மாமி. மெசின்ல" என்று நானே சொன்னேன். (அந்த வாயை அன்று தைத்திருக்க வேண்டும்.)

மேடையில் ஒரு பெரியவர் புத்தகத்தைப் பற்றிப் பேச எழுந்தார். புத்தகம் அவர் கைக்கு அப்போதுதான் வந்திருந்தது. ஆனால் பேச்சை முதல் நாளே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

"சபையோரே! இந்த நூலின் முதலாவது சிறப்பு, ஒழுங்கு. சம்பவங்களை ஒன்றன்பின் ஒன்றாக இப்படிக் கோத்தவர் எவருமில்லை. முதல் பக்கத்தை வாசிக்கிறேன், கேளுங்கள்."

அட்டையைத் திறந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"'…ஆகவே, இத்தனை காலமும் என்னோடு ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன்.'"

சபை கைதட்டியது. சுருக்கமான புத்தகம் என்று நினைத்தார்களோ என்னவோ. பேச்சாளர் இரண்டு ஏட்டைப் புரட்டினார். பிறகு பத்து ஏட்டைப் புரட்டினார். பேச்சு எழுதிய தாளைப் பார்த்தார். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒவ்வொருவராகப் புத்தகத்தைத் திறந்து படபடவென்று புரட்டும் சத்தம் கேட்டது. ஒருவர் எழுந்து நின்றே கேட்டுவிட்டார்:

"சேர், நீங்க பென்சன் எடுத்த புறகா சம்மாந்துறைக்கு மாற்றம் கிடைச்ச?"

இன்னொரு குரல்: "அதுக்குப் புறகுதான் கோமாரியில உதவி ஆசிரியராச் சேந்திருக்கார்!"

"கடைசியில பாருங்க. இப்பதான் பொறந்திருக்கார்!"

மண்டபம் குலுங்கியது. திரைக்கு இந்தப் பக்கத்திலும் ஒரு புத்தகம் கைமாறி வந்தது. ஹெட்மாஸ்டரின் மனைவி வாசிக்கத் தெரிந்தவர். நிதானமாகப் புரட்டினார்.

"நல்லா இரிக்கி" என்றார். "எனக்கு நாலு புள்ள பொறந்த புறகு இவர் என்னைப் பொண் பாக்க வந்திரிக்கார்."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு என்ன நடந்தது என்று அப்போதும் முழுதாக விளங்கவில்லை. ஏதோ விளங்கியது. அந்தத் தபால் பெட்டிதான் கண் முன்னால் வந்து நின்றது.

கூட்டம் கலைந்ததும் லத்தீப் காக்கா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். பக்கத்தில் ஹெட்மாஸ்டர். மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது.

"ஒண்ட எங்கால வெச்ச நீ?"

"வலப்பக்கத்தால காக்கா. நல்ல காரியம் வலப்பக்கத்தாலதானே…"

லத்தீப் காக்கா விரலால் காற்றில் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார். தான் மறுபக்கம் நின்று எண்ணியது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் திட்டவில்லை. ஹெட்மாஸ்டரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. பிள்ளைகளிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டார்:

"மகளுக்கு வாசிக்கத் தெரியாதா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண் மங்குது என்று சொல்ல இந்த முறை வாய் வரவில்லை.

"எனக்கு ஓதத் தெரியும் சேர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பிறகுதான் அந்த நடை.

ஐந்நூறு புத்தகத்தின் அட்டையையும் கிழித்து, பசையைச் சுரண்டி, பாரங்களைப் பிரித்து, நாங்கள் மறுபடியும் மேசையைச் சுற்றி நடந்து அடுக்கினோம். ஒரு கிழமை ஆனது. என்னோடு நடந்த நாலு பேரும் ஒரு சொல் குத்திக் கதைக்கவில்லை. மூலையில் மெசின் சாக்குப் போர்த்திக் கிடந்தது. மேபல் வந்ததும் அது அவளுடைய பொறுப்பானது. "எனக்கு வேணா, அவளுக்கே குடுங்க" என்று அவள் லத்தீப் காக்காவிடம் சண்டை பிடித்தாளாம். அவர் கேட்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

விழாவுக்கு மறுநாள் நான் செய்த வேலை ஒன்று இருக்கிறது. இரண்டாவது கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், அதே தபால் பெட்டியில் போட்டேன். பூ இல்லாதது.

அவருடைய பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மேபல் மெசினை நிறுத்திவிட்டு வந்து வாசித்தாள்.

"'சுபைதா, உன்னுடைய இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. எங்களுக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் கம்பனி ஜீப் கடிதம் கொண்டுவரும். இரண்டிலும் ஒரே திகதி. முத்திரை மை அப்பிக் கிடக்கிறது. எது முந்தியது, எது பிந்தியது என்று விளங்கவில்லை. அறையில் இருக்கிற எட்டுப் பேரிடமும் கேட்டேன். நாலு பேர் போ என்றார்கள். நாலு பேர் நில் என்றார்கள். மாதம் முடிந்துவிட்டது. கையெழுத்து வைத்துவிட்டேன்.'"

மேபல் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். "இன்னும் ஒரு வரி இரிக்கு."

"வாசி."

"'ஓரத்தில் அந்தப் பூவைக் கீறியது நீதானே? எத்தனையோ கடிதம் வந்தாலும் உன் கை அதில் மட்டும்தான் தெரிந்தது.'"

அன்றைக்கு மேபலிடம் சொன்னேன், இனி என் கடிதத்தை நானே வாசிக்க வேண்டும் என்று. அச்சில் பழுதான தாள்கள் மண்டபத்தில் மலை மலையாகக் கிடந்தன. பகல் சோற்றுக்குப் பிறகு ஆளுக்கொரு தாள். அவள் சொல்லுவாள், நான் விரலை வைத்துக் கூட்டுவேன். விரல் தானாக வலப்பக்கத்தில் போய் நிற்கும். "கிறுகி வா, கிறுகி வா" என்று என் கையைத் தட்டி இடப்பக்கம் திருப்புவாள். ஆறேழு மாதம் தட்டினாள். பிறகு நாட்டுக் குழப்பத்தில் அவள் குடும்பம் மட்டக்களப்புக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டியும் போய்விட்டது. போகுமுன் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதை நானே வாசித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் எடுத்தது.

அவர் அந்த இரண்டு வருசம் முடிந்து வந்தார். மறுபடியும் போனார். வருவதும் போவதுமாக எண்பதுகள் முழுக்கப் போனது. கடைசியில் நிரந்தரமாக வந்து, வயலைப் பார்த்துக்கொண்டு, என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு, நல்லபடியாக இருந்தார். மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து நாலு வருசமாகிறது.

இப்போது சம்மாந்துறையில் மகள் வீட்டில் இருக்கிறேன். இந்த வீட்டில் யாராவது சட்டையை மறுபுறம் போட்டுக்கொண்டாலும், சோற்றுக்கு முன் இனிப்பு வட்டிலாப்பத்தைத் தொட்டாலும், "இது மூத்தம்மா அடுக்கினது" என்று பேரப்பிள்ளைகள் என்னைச் சொல்வார்கள். பேத்தியின் கலியாண அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் இடம் மாறி வந்தபோது, அது அச்சகத்தின் பிழை என்று ஒருவரும் நம்பவில்லை. எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அவருடைய கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. பகல் தூக்கம் வராத நாளில் எடுத்து வாசிப்பேன். மகள் பார்த்துவிட்டு, "உம்மா, இன்னும் நீங்க கடைசியில இருந்துதானா தொடங்குறீங்க? திருந்தவே மாட்டீங்களா?" என்று சிரிப்பாள். ஓம், கடைசியிலிருந்துதான். இந்த முறை தெரியாமல் செய்யவில்லை. கடைசிக் கடிதத்தில் பெட்டி கட்டிவிட்டேன் என்கிறார். அதற்கடுத்ததில் வெயில் தாங்க முடியவில்லை என்கிறார். பிறகு பெருநாளைக்குத் தனியாகத் தொழுதேன் என்கிறார். அப்படியே வாசித்து வாசித்து முதல் கடிதத்துக்கு வருவேன். அது கொழும்பிலிருந்து எழுதியது. இன்னும் பிளேன் ஏறவில்லை, மகளைக் கவனமாகப் பார் என்று இருக்கும்.

அதற்குப் பிறகு கடிதம் கிடையாது. கடிதம் எதற்கு? அவர் வீட்டில்தானே இருக்கிறார்.